சீலாவை அளக்கப் போகிறவர்கள் செய்யும் பிழைகள்

போன மாதம் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் இரண்டு மாணவிகள் சீலா மீன் அளந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி வால் நுனிவரை அளந்தாள். மற்றவள் வாலின் கவட்டையோடு நிறுத்திக்கொண்டாள். இரண்டும் ஒரே நோட்டில், ‘நீளம்’ என்ற ஒரே கட்டத்துக்குள் போயின. அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தராசைச் சரிபார், நோட்டை நனைக்காதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

எந்த நீளம்?

நான் தொடங்கிய காலத்தில் கேரள எல்லைக்கு இந்தப்பக்கம், குமரி மாவட்டத்தில், நான் முழு நீளம் எடுத்தேன். அந்தப்பக்கம் விழிஞ்ஞத்தில் எடுத்த நண்பர் கவட்டை நீளம் எடுத்தார். எட்டு மாதம் கழித்து இரண்டையும் சேர்த்தபோது, அங்கே ‘சீலாவு’ என்று விற்கும் மீன் நம் மீனைவிடக் கொழுத்தது என்று வந்தது. அதை நம்பி மீனவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

ஒரு கணக்குப் போட்டால் புரியும். 50 செ.மீ. முழு நீளமும் 625 கிராமும் உள்ள மீனை எடுத்துக்கொள்ளுங்கள். எடையை 100ஆல் பெருக்கி, நீளத்தின் கனத்தால் (நீளம் × நீளம் × நீளம்) வகுத்தால், மீனின் செழிப்பைக் காட்டும் ஃபுல்டன் குறியெண் 0.50. அதே மீனின் கவட்டை நீளம் 45 செ.மீ. என்றால் குறியெண் 0.69. மீனுக்கு ஒரு கிராம் சதைகூட ஏறவில்லை. நீளத்தைக் கனமாக்கும்போது சிறு வித்தியாசமும் பெருகிவிடுகிறது.

இன்னொரு கேடும் உண்டு. கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையில் வரும் சிறுசை முழு நீளத்திலும், தூண்டிலில் வரும் பெருசைக் கவட்டை நீளத்திலும் எழுதினால், நீள எடைச் சமன்பாட்டின் அடுக்கு எண் (நீளத்தின் எத்தனையாவது அடுக்காக எடை ஏறுகிறது என்பது) பொய்யாக உயரும். வளர வளர மீன் பருக்கிறது என்று அறிக்கை எழுதிவிடுவீர்கள்.

திருத்தலாமே என்பார்கள். சில மீன்களிலாவது இரண்டு நீளமும் எடுத்திருந்தால் ஒன்றை மற்றதாக மாற்றலாம். நாங்கள் எடுக்கவில்லை. அளந்த மீனெல்லாம் அன்றைக்கே ஏலம் போய்க் குழம்பாகிவிட்டது. எட்டு மாத விடியற்காலைகள் வீண். இன்றும் அதை நினைத்தால் எரிச்சல் அடங்கவில்லை. கட்டத்தின் தலைப்பில் எந்த நீளம் என்று முதல் நாளே எழுதுங்கள் மக்களே.

கீழ்த்தாடை

சீலாவுக்குக் கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்கும். வாயை மூடி, அதன் நுனியிலிருந்து அளக்க வேண்டும்.

எல்லாம் சீலாதான்

ஏலக் கூடையில் எல்லாம் ஒரே பெயர்தான், ஆனால் இனம் வேறு. வாலின் நுனிகள் வெளுத்து, பக்கத்தில் கரும்புள்ளிகள் சிதறியிருந்தால் ஸ்பைரீனா பாராகுடா. உடலில் வளைந்த பட்டைகளும் மஞ்சளோடிய வாலும் இருந்தால் ஸ்பைரீனா ஜெல்லோ. பக்கத்துடுப்பின் அடியில் கருந்திட்டு இருந்தால் ஸ்பைரீனா ஃபார்ஸ்டெரி. சிறிதாகவே நின்றுவிடும் ஒப்டுசாட்டாவை ஜெல்லோவின் குஞ்சு என்று சேர்த்தால், இரண்டு இனத்தை ஒரே கோட்டில் கட்டுகிறீர்கள்.

குடலெடுத்த மீன்

தராசில் வைக்காதீர்கள்.

சதையா, சினையா?

சினை முற்றிய மீனும் இப்போதுதான் சாளையை விழுங்கிய மீனும் கனமாகத்தான் இருக்கும். அதைச் ‘செழிப்பு’ என்று எழுதாதீர்கள். வெட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தால் குடலையும் சினையையும் தனியே நிறுங்கள். கிடைக்காவிட்டால் மாதத்தையாவது குறியுங்கள். வெவ்வேறு அளவு மீன்களை ஒப்பிட ஃபுல்டன் குறியெண் ஒத்துவராது. அடுக்கு எண் 3 என்று வைத்துத்தான் அது கணக்கிடுகிறது; சீலாவுக்கு அது சரியாக 3 என்று யாரும் உறுதி தரவில்லை. லெ கிரென் என்ற ஆய்வாளர் 1951இல் தந்த வழியில், அந்த நீளத்துக்கு எதிர்பார்க்கும் எடையால் உண்மை எடையை வகுத்துப் பாருங்கள்.

2.95

அடுக்கு எண் இப்படி வந்தால் உடனே 3ஐவிடக் குறைவு என்று எழுதாதீர்கள். பிழை எல்லைக்குள் 3ம் அடங்குகிறதா என்று பாருங்கள்.

ஜூன், ஜூலை

நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது அளக்கக் கிடைப்பது வள்ளத்து மீன்தான். வலையும் தூண்டிலும் மாறியதால் அளவு மாறியிருக்கும். எந்த வலை, எந்தப் படகு என்று ஒவ்வொரு மீனுக்கும் எதிரே எழுதி வையுங்கள்.