பழைய லேப்டாப்பில் புது ஓஎஸ்: பார்மட் அடிப்பதற்கு முன்பே நடக்கிற தவறுகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 என்ற ஓஎஸ்ஸை, அதாவது லேப்டாப்பை இயக்கும் அடிப்படை மென்பொருளை, மைக்ரோசாஃப்ட் கைகழுவிய பிறகு, கடலூர் புதுச்சேரிப் பக்கம் பல வீடுகளில் பரணிலிருந்து ஒரு லேப்டாப் இறங்கி வருகிறது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்தது, பிரான்சிலிருந்து வந்த சித்தப்பா விட்டுப்போனது, காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பேரம் பேசி வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, ஆனால் கேள்வி ஒன்றுதான்: “இதுல விண்டோஸ் 11 ஓடுமா, இல்ல லினக்ஸ் போட்டுடலாமா?” (லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓஎஸ்.) இந்தக் கேள்விக்குப் பதில் தெரிவதற்கு முன்பே பென்டிரைவைச் சொருகி பார்மட் அடிப்பதுதான் முதல் தவறு. ஓடுமா என்பதை விட, ஏன் ஓடாது என்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

ஏனென்றால் ‘ஆதரவு இல்லை’ என்று திரையில் வரும் ஒரே வரிக்குப் பின்னால் மூன்று வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். சிப்புக்கே அந்த வேலை தெரியாமல் இருக்கலாம். சிப்புக்குத் தெரியும், ஆனால் கம்பெனி தன் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கலாம். அல்லது ஓஎஸ் நன்றாக ஏறும், ஆனால் வைஃபைக்கோ கிராஃபிக்ஸுக்கோ யாருமே டிரைவர், அதாவது அந்தப் பாகத்தை ஓஎஸ்ஸோடு பேசவைக்கும் மென்பொருள், எழுதாமல் விட்டிருக்கலாம். முதலாவதற்கு வழியே கிடையாது, இரண்டாவதற்கு வழி உண்டு, மூன்றாவது யாராவது டிரைவர் எழுதியிருப்பதைப் பொறுத்தது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம்.

விண்டோஸ் 11-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அது கேட்பது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் திறக்கவிடும் காவல்) வசதியுள்ள யூஈஎஃப்ஐ (லேப்டாப்பை முதலில் எழுப்பும் மென்பொருள்), டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி), அப்புறம் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் உள்ள பிராசஸர், அதாவது இன்டெல்லில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து. இதில் டிபிஎம் இல்லை என்று செய்தி வந்தவுடனே லேப்டாப்பை ஒதுக்கிவிடுகிறார்கள். பல 8-ஆம் தலைமுறை லேப்டாப்புகளில் டிபிஎம் இருக்கிறது, பயாஸில் (ஓஎஸ்ஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரையில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இன்டெல் என்றால் பிடிடி என்ற பெயரிலும் ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் தேடிப் பாருங்கள். தகுதியுள்ள மெஷினைத் தகுதியில்லை என்று நினைத்து, குறுக்கு வழியில் ஓஎஸ் ஏற்றி வைத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.

உண்மையிலேயே பட்டியலில் இல்லாத, 3-ஆம் தலைமுறை, 4-ஆம் தலைமுறை ஐ3, ஐ5 வகையறா என்றால் ரூஃபஸ் மென்பொருளில் பென்டிரைவ் தயார் செய்யும்போதே டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை நீக்கும் வசதி இருக்கிறது. ஏறிவிடும். ஆனால் ஏறிவிட்டது என்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. மாதாந்திர அப்டேட்டுகள் இப்போதைக்கு வந்துகொண்டிருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, நீங்களே மறுபடி பென்டிரைவோடு உட்கார வேண்டும். ஹோம், புரோ பதிப்புகள் ஒவ்வொன்றுக்கும் 24 மாதம்தான் ஆயுள், அதைத் தாண்டியும் அப்படியே விட்டால் விண்டோஸ் 10-இல் எந்த ஆபத்துக்குப் பயந்து ஓடினீர்களோ அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். இப்படிப்பட்ட மெஷினை அத்தைக்கோ தாத்தாவுக்கோ ஏற்றிக் கொடுத்துவிட்டு வெளியூர் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவும். விண்டோஸ் 10-இலேயே இருந்துகொண்டு, 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்துகொள்வது சில வீடுகளுக்கு அதைவிட நல்ல முடிவு.

இன்டெல்லின் பழைய கோர் 2 டியோ சிப் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். 2024-இல் வந்த 24ஹெச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்ஈ 4.2 கட்டளைகள் இல்லாத சிப்பில் விண்டோஸ் 11 பூட்டே ஆகாது. ஏஎம்டி ஈ-350 போன்றவற்றுக்கும் அதே கதி. இதற்கு எந்த ரெஜிஸ்ட்ரி வித்தையும் உதவாது. “என் ஃபிரெண்டு பண்ணிட்டான்” என்று ஒருவர் சொன்னால் அவர் பழைய பதிப்பைப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். யாரோ செதுக்கி இளைக்கவைத்த ஐஎஸ்ஓவை (ஓஎஸ் நிறுவும் கோப்பை) எங்கிருந்தோ இறக்கி, கூடவே திருட்டு ஆக்டிவேட்டரையும் ஓடவிட்டு, அதே மெஷினில் பேங்க் கணக்கைத் திறப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, லினக்ஸ். “லினக்ஸ் எதுலயும் ஓடும்” என்பது பாதி உண்மை. சிப் 32-பிட்டா (பழைய வகை) 64-பிட்டா (புது வகை) என்று பார்க்காமல் உபுண்டு என்ற பிரபலமான லினக்ஸை இறக்குகிறார்கள். உபுண்டு 17.10 முதலே 32-பிட் டெஸ்க்டாப் பதிப்பு கிடையாது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் 32-பிட்டுக்கு நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பு 12-தான், 2025 ஆகஸ்டில் வந்த 13-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆன்டிஎக்ஸ் மாதிரி சில இன்னும் தாக்குப்பிடிக்கின்றன. இதைவிடக் குழப்பமானது பத்தாயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் விற்ற குட்டி லேப்டாப்புகள். ஆட்டம் இசட்3735எஃப் சிப், 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு. சிப் 64-பிட், ஆனால் அதன் யூஈஎஃப்ஐ 32-பிட். பென்டிரைவ் சரி, ஐஎஸ்ஓ சரி, பூட் மெனுவில் மட்டும் அது தெரியவே தெரியாது. பென்டிரைவ் கெட்டுவிட்டதென்று இன்னொன்று வாங்குவார்கள், அதுவும் தெரியாது. இந்தக் கலப்பு ஏற்பாட்டைப் புரிந்துகொள்கிற டெபியன் நிறுவியைப் போட்டால் உள்ளே போகும்.

ஆட்டம் என்2600 சிப் உள்ள நெட்புக் என்றால் அதற்கும் கீழே. அதன் கிராஃபிக்ஸ் இன்டெல் சொந்தமாகச் செய்தது இல்லை, பவர்விஆர் என்ற பெயரில் வேறொரு கம்பெனி செய்த வடிவமைப்பு. விண்டோஸ் 7-இன் 32-பிட்டுக்கு டிரைவர் கொடுத்ததோடு சரி. லினக்ஸில் படம் தெரியும், வீடியோ பார்த்தால் திக்கித் திக்கி ஓடும். குற்றம் லினக்ஸிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை.

வைஃபைதான் இன்னொரு தலைவலி. பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்புகளில் லினக்ஸ் ஏற்றி முடித்தவுடன் நெட் இருக்காது, நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும். இங்கே மாட்டிக்கொண்டு மறுபடி விண்டோஸுக்கே ஓடியவர்கள் உண்டு. தேவையே இல்லை. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கைப் போடுங்கள், பெரும்பாலும் லேப்டாப் அதை லேன் கேபிள் மாதிரி எடுத்துக்கொள்ளும், டிரைவரை அதிலேயே இறக்கிக்கொள்ளலாம். வைஃபை கார்டையே மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், சில பழைய லெனோவோ, ஹெச்பி மாடல்களில் பயாஸ் தனக்குத் தெரிந்த கார்டைத் தவிர வேறெதையும் ஏற்காது, மெஷின் ஆன் ஆகி அங்கேயே நின்றுவிடும்.

லைவ் முறையில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கச் சொன்னால் எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் டெஸ்க்டாப் வந்ததும் “சூப்பர்” என்று நிறுவும் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். ஒரு பாட்டு போட்டுப் பாருங்கள். வைஃபையில் ஏதாவது இறக்கிப் பாருங்கள். வெளிச்சம் கூட்டும் குறைக்கும் பட்டன், கேமரா, ப்ளூடூத் எல்லாம் தொட்டுப் பாருங்கள். முக்கியமாக மூடியைச் சாத்தி, சில நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். தூங்கி எழாத லேப்டாப்புதான் பின்னாடி அதிகம் படுத்தும்.

புதுச்சேரிக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த லேப்டாப்புகளில் கீபோர்டு அசெர்டி வரிசை. அதில் ஏ இருக்கும் இடத்தில் கியூ, இசட் இருக்கும் இடத்தில் டபிள்யூ, எம் எழுத்து எல்-க்குப் பக்கத்தில், எண்களுக்கு ஷிஃப்டை அழுத்த வேண்டும். நிறுவும்போது பழக்கதோஷத்தில் ஆங்கில அமெரிக்க வரிசையைத் தேர்ந்தெடுத்து, கீயில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே பாஸ்வேர்டு அடித்துவிடுவார்கள். புள்ளிகளாகத்தான் தெரியும் என்பதால் தப்பு தெரியாது. அப்புறம் செட்டிங்ஸில் பிரெஞ்சு வரிசைக்கு மாற்றுவார்கள், மறுநாள் உள்ளே போக முடியாது. டிஸ்கை என்கிரிப்ட் செய்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்கும் ஆரம்பத் திரை ஒரு வரிசையிலும் உள்ளே லாகின் இன்னொரு வரிசையிலும் இருக்கலாம். வழி சுலபம்: முதல் பாஸ்வேர்டில் ஏ, கியூ, டபிள்யூ, இசட், எம் ஐந்தும் வேண்டாம், எண்ணும் குறியும் வேண்டாம், நீளமாக வையுங்கள், வரிசை சரியான பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். புதுச்சேரியை இப்போதைய ஆங்கில எழுத்துக்கோவையில் அடித்தால் இரண்டு வரிசையிலும் ஒரே மாதிரி வரும், கடலூரை அடித்தால் நடுவில் ஒரு ஏ வந்து கெடுத்துவிடும். அதற்காக ஊர் பெயரைப் பாஸ்வேர்டாக வைத்துத் தொலைக்காதீர்கள்.

பழையதில் மட்டும்தான் பிரச்சினை என்றும் இல்லை. 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த இன்டெல் லேப்டாப்புகள் பலவற்றில் ஓஎஸ் நிறுவியைத் திறந்தால் டிஸ்க்கே தெரியாது. எஸ்எஸ்டி போய்விட்டது என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பயாஸில் டிஸ்கை இன்டெல்லின் தனி வழியில் நிர்வகிக்கும் விஎம்டி என்ற வசதி ஆன் ஆகியிருக்கும், விண்டோஸ் என்றால் அதற்கான இன்டெல் டிரைவரை நிறுவும்போது காட்ட வேண்டும், லினக்ஸிலும் டிஸ்க் தெரியாவிட்டால் அதை அணைக்க வேண்டும். ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் விண்டோஸையும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் அதை அணைத்தால் அந்த விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்து, பிறகு சாதாரண முறைக்குத் திரும்ப வேண்டும்.

பயாஸில் கை வைப்பதற்கும் முன்னால் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவி. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய விண்டோஸ் 11 பெரும்பாலும் டிஸ்கைத் தானாகவே பூட்டிக்கொள்கிறது, உங்களிடம் கேட்டது கூட நினைவிருக்காது. செக்யூர் பூட்டை மாற்றிய அடுத்த நிமிடம் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது அந்தக் கணக்கில்தான் இருக்கும், அந்தக் கணக்கு லேப்டாப் வாங்கித் தந்த கடைக்காரப் பையன் அவசரத்தில் உருவாக்கிய மெயில் ஐடியாக இருந்தால் உங்கள் கல்யாண போட்டோக்கள் கோவிந்தா. முதலில் சாவியைப் பேப்பரில் எழுதுங்கள்.

நிறுவல் 43 சதவீதத்தில் நிற்கிறது, 71-இல் நிற்கிறது, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடம் என்றால் ஓஎஸ்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. ராம், டிஸ்க், பென்டிரைவ் மூன்றில் ஒன்று கெட்டிருக்கும். தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றில் ராமின் பித்தளை நிறப் பற்கள் மங்கிவிடும், கழற்றி ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டினாலே சரியான மெஷின்கள் உண்டு. அதற்கும் மசியாவிட்டால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓடவிட்டுப் பாருங்கள். சந்தையில் பழைய ராம் வாங்கும்போது டிடிஆர்3-யா டிடிஆர்3எல்-ஆ என்று ஸ்டிக்கரைப் படியுங்கள். 4-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் எல் வகைதான் வேண்டும், மற்றதைப் போட்டால் பெரும்பாலும் திரை கறுப்பாகவே இருக்கும்.

பேட்டரி செத்த லேப்டாப்பில் பார்ட்டிஷனைச் சுருக்குவதும் பயாஸ் அப்டேட் செய்வதும் சூதாட்டம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு உட்காருங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் உட்காரவே வேண்டாம்.

ஆப்பிள் ஓஎஸ்ஸைச் சாதாரண லேப்டாப்பில் ஏற்றும் ஆசை கல்லூரிப் பையன்களுக்கு இன்னும் இருக்கிறது. ஆப்பிளின் உரிமமே அதை அனுமதிக்கவில்லை, தவிர மேக்ஓஎஸ் 26-தான் இன்டெல் சிப்புக்கான கடைசிப் பதிப்பு என்று 2025 ஜூனில் அவர்களே அறிவித்துவிட்டார்கள், இப்போது போய் அதைக் கற்றுக்கொள்வது வீண். கூகுளின் இலவச ஓஎஸ்ஸான குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: அதில் பிளே ஸ்டோர் கிடையாது.

கடைசியாக, ஜெராக்ஸ் கடை, டிடிபி கடை வைத்திருப்பவர்கள். உங்களுக்கு ஓஎஸ் இரண்டாம்பட்சம், பிரிண்டர்தான் முதலாளி. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வில்லியனூர் வரை கடைகளில் பார்க்கிற கேனான் எல்பிபி 2900 பொதுவான பிரிண்டர் மொழி எதையும் பேசாது, கேப்ட் என்ற தன் சொந்த மொழியைத்தான் பேசும், லினக்ஸில் அதைப் பேசவைப்பது தனி மல்லுக்கட்டு. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இருந்தாலும் அவற்றின் டிரைவர் புது ஓஎஸ்ஸுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், ஃபான்ட் ஃபோல்டரையும் சேர்த்தே பேக்கப் எடுங்கள். இன்னும் நல்லது, பழைய ஹார்ட் டிஸ்கில் கை வைக்காமல் கழற்றி எடுத்து, புது சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை அந்த இடத்தில் மாட்டி அதில் ஏற்றுங்கள். பழைய மெஷினுக்கு எஸ்எஸ்டி எப்படியும் வேண்டும். ஏதாவது சொதப்பினால் திருப்பி மாட்டி, மறுநாள் காலை வழக்கம்போல் கடை திறக்கலாம்.