சார்ல்ஸ்டன் போக எந்த மாதம்? சீசன் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் "மார்ச், ஏப்ரல்" என்றுதான் பதில் வரும். பதிலில் தப்பில்லை. எல்லோருக்கும் அதே பதில் கிடைத்து, எல்லோரும் அதே இரண்டு மாதத்தில் போய் நிற்பதுதான் சிக்கல். 1670-ல் ஆங்கிலேயர்கள் குடியேறி, பத்து வருடத்தில் இப்போதைய இடத்துக்கு மாறிய ஊர் இது. ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே, துறைமுகத்தை நோக்கி நீண்டிருக்கும் ஒரு தாழ்வான நிலத்தில்தான் பழைய நகரம் மொத்தமும் இருக்கிறது. அதனால் வெயிலும் மழையும் போக, கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்பதும் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். மாதவாரி சராசரி வெப்பநிலையை மட்டும் பார்த்து டிக்கெட் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

வசந்தத்தில் பூ மட்டும்தான் என்று நம்புவது

அசேலியா பூக்களுக்காகத்தான் பெரும்பாலானோர் வசந்தத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மக்னோலியா தோட்டத்திலும், 1741-ல் உருவாகத் தொடங்கிய மிடில்டன் பிளேஸிலும் அவை மொத்தமாகப் பூத்து நிற்பது உண்மையிலேயே பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் அந்த உச்சம் பெரும்பாலும் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான். குளிர்காலம் இதமாக இருந்துவிட்டால் இன்னும் முன்னாலேயே பூத்துவிடும். ஏப்ரல் கடைசிக்கு புக் செய்துவிட்டு, போட்டோவில் பார்த்த தோட்டத்தைத் தேடினால் பச்சை இலைதான் இருக்கும்.

பூவோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் வருகிறது என்பதையும் பாருங்கள். பள்ளி, கல்லூரிகளின் வசந்த விடுமுறை. டேனியல் தீவில் பெண்கள் டென்னிஸ் போட்டி. பழைய வீடுகளையும் உள்தோட்டங்களையும் கட்டணத்துக்குத் திறந்துவிடும் விழா. அப்புறம் கூப்பர் ரிவர் பிரிட்ஜ் ரன் என்ற 10 கிலோமீட்டர் ஓட்டம். மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ ஒரு சனிக்கிழமை காலை, கூப்பர் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மவுண்ட் பிளசன்ட்டிலிருந்து ரேவனல் பாலம் ஏறி நகரத்துக்குள் பல்லாயிரம் பேர் ஓடி வருவார்கள். அந்த நேரத்தில் பாலத்தில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. வாடகை குறைவு என்று மவுண்ட் பிளசன்ட்டில் அறை எடுத்தவர்களுக்கு அன்றைய காலை போச்சு.

ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அதே வாரங்களில் பைன் மரங்களின் மகரந்தம் காரின் மேலெல்லாம் மஞ்சள் பொடியாகப் படியும். விளம்பரப் படங்களில் அதைத் துடைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள் போலிருக்கிறது.

மே முதல் பாதியில் கூட்டம் குறையும் என்று தள்ளிப்போடுவதும் பல நேரம் பலிக்காது. சார்ல்ஸ்டன் கல்லூரி, சிட்டடல் என்ற ராணுவக் கல்லூரி இரண்டுக்கும் பட்டமளிப்பு அப்போதுதான். குடும்பம் குடும்பமாக வந்து அறைகளை நிரப்பிவிடுவார்கள். மே கடைசியில் ஸ்போலெட்டோ தொடங்கும். 1977-லிருந்து நடக்கும் இசை, நாடக, நடன விழா, 17 நாள். கலை பிடிக்கும் என்றால் இதற்காகவே போகலாம், தப்பே இல்லை. பிடிக்காதவர்கள் அந்த நாட்களின் அறை வாடகையை வீணாகக் கொடுக்க வேண்டாம்.

"சென்னை வெயில் பார்த்த நமக்கு இது என்ன?"

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் ஊர் சுற்ற முடிகிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பதும் அப்போதுதான். ஜூலை சராசரி உச்சம் 32, 33 டிகிரி செல்சியஸ் என்று பார்த்ததும் சிரிப்பு வரும். ஆனால் சென்னையில் பகல் ஒரு மணிக்குப் பாரிமுனைத் தெருக்களில் கட்டடக்கலை பார்த்தபடி யாரும் மூன்று மணி நேரம் நடப்பதில்லை. சார்ல்ஸ்டனில் செய்யப் போவது அதுதான். பாட்டரி கடற்சுவர், ரெயின்போ ரோ வீடுகள், கிங் ஸ்ட்ரீட், பழைய தேவாலயங்கள் எல்லாமே நடந்து பார்க்க வேண்டியவை. காற்றில் ஈரம் அதிகம். வெப்பம் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டை (35 செல்சியஸ்) தொட்டால் குதிரை வண்டிச் சவாரியை நிறுத்த வேண்டும் என்று நகராட்சி விதியே வைத்திருக்கிறது. குதிரைக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு எழுபது வயது மாமியாருக்கு இல்லை.

கோடையில் போவதே தவறு என்று சொல்லவில்லை. கோடையிலும் ஏப்ரல் போலவே திட்டம் போடுவதுதான் தவறு. காலை ஏழு மணிக்கு இறங்கிப் பத்துக்குள் தெருக்களை முடித்துவிடுங்கள். பகலில் அருங்காட்சியகம். 1773-ல் தொடங்கிய சார்ல்ஸ்டன் மியூசியம் இருக்கிறது. 2023-ல் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் இருக்கிறது. அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற கேட்ஸ்டன் துறையிலேயே கட்டப்பட்டது அது. இந்த ஊருக்குப் போய் அதைப் பார்க்காமல் வந்தால் பாதி ஊரைத்தான் பார்த்ததாக அர்த்தம். கோடையின் பிற்பகல்களில் இடியுடன் மழை பெய்வது சகஜம். ஆகஸ்ட்தான் மழை அதிகமுள்ள மாதங்களில் முதலிடம். ஆனால் நாள் முழுக்கக் கொட்டாது, அடித்துப் பெய்து ஓய்ந்துவிடும். அய்க்கன்-ரெட் மாளிகையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பழைய நிலையிலேயே பாதுகாக்கும் வீடு என்பதால் உள்ளே ஏசி கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய, துறைமுக வாயில் தீவிலுள்ள சம்ட்டர் கோட்டைக்கும் காலைப் படகுதான் நல்லது, அங்கே நிழல் குறைவு.

கோடைக்கு இந்த ஊரில் ஒரு பழைய கதை உண்டு. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் சுற்றுவட்டார நெல் பண்ணைகளின் முதலாளிகள் மே மாதம் வந்ததும் பண்ணையை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். சதுப்பு நிலத்தில் மலேரியா பயம். சார்ல்ஸ்டனுக்கோ கடற்கரைத் தீவுகளுக்கோ வந்து தங்கி, முதல் உறைபனி விழுந்த பிறகுதான் திரும்புவார்கள். தெருவுக்கு ஒற்றை அறை அகலத்தில் முகம் காட்டி, பக்கவாட்டில் தெற்கோ மேற்கோ பார்த்த நீண்ட தாழ்வாரத்தோடு நிற்கும் வீடுகள் கடற்காற்றைப் பிடிக்கக் கட்டப்பட்டவை. அதே மாதங்களில், அதே சதுப்பில், இடுப்பளவு சேற்றில் நெல் வேலை பார்த்தவர்கள் அடிமைகள். சீசன் பார்த்து இடம் மாறும் வசதி அவர்களுக்கு இல்லை. மக்னோலியா, மிடில்டன் போன்ற அந்தப் பண்ணைகளின் தோட்டங்களை வசந்தத்தில் மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது எளிதில் உறைக்காது. ஜூலையில் ஒருமுறை அந்த நெல் வயல் ஓரமாக நின்றால் உறைக்கும்.

ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையைப் பார்க்காமல் தேதி போடுவது

பயணக் குறிப்புகளில் மிகக் குறைவாகச் சொல்லப்படும் விஷயம் இது. வானம் நீலமாக, ஒரு துளி மழை இல்லாத நாளில்கூட சார்ல்ஸ்டனின் சில தெருக்களில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். மழைநீர் இல்லை, கடல்நீர். உயரமான ஓதம் வரும்போது கடல்நீர் சாக்கடைக் குழாய்கள் வழியாகப் பின்னோக்கி ஏறித் தெருவுக்கு வந்துவிடுகிறது. ஊரின் பல பகுதிகள் பழைய ஓடைகளையும் சதுப்பையும் தூர்த்து உருவானவை. சிட்டி மார்க்கெட் நிற்கும் மார்க்கெட் ஸ்ட்ரீட் ஒருகாலத்தில் ஓடை. வாட்டர் ஸ்ட்ரீட்டும் அப்படித்தான். தண்ணீர் தன் பழைய வழியை மறக்கவில்லை.

துறைமுகத்தின் அளவுகோலில் ஓதம் 7 அடியைத் தாண்டினால் தெருவில் தண்ணீர் வர ஆரம்பிக்கும் என்பது பொதுக் கணக்கு. 2019-ல் மட்டும் இப்படி எண்பது தடவைக்கு மேல் நடந்தது. எந்த மாதமும் வரலாம் என்றாலும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைதான் அதிகம். கோடை முழுக்கச் சூடான கடல்நீர் விரிந்திருக்கும், வடகிழக்குக் காற்று கரையை நோக்கித் தள்ளும், அத்தோடு அமாவாசையோ பௌர்ணமியோ சந்திரன் பூமிக்குக் கிட்டே வரும் நாளில் விழுந்தால் அது "கிங் டைட்". வீட்டில் தினசரி காலண்டர் தொங்கினால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் போகும் வாரத்தில் அமாவாசை, பௌர்ணமி வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் அமெரிக்கக் கடல்சார் நிறுவனமான நோவாவின் ஓத அட்டவணையில் அந்த நாட்களின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்காகப் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், ஏறினாலும் ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். உச்ச நேரத்தில் மார்க்கெட் பக்கமோ ஆஷ்லி ஆற்றோரமுள்ள லாக்வுட் டிரைவ் பக்கமோ போகாமல் இருந்தால் போதும். வாடகைக் காரை அந்தத் தண்ணீருக்குள் விடாதீர்கள், உப்புத் தண்ணீர் அடிப்பாகத்தை அரிக்கும். ஓதத்தின் உச்சமும் ஒரு கனமழையும் ஒரே நேரத்தில் வந்தால் மட்டும் நிலைமை வேறு. மழைநீர் வடிய இடமிருக்காது. அப்போது ஹோட்டலிலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

புயல் சீசனை மொத்தமாகப் பயப்படுவது, அல்லது மொத்தமாக மறப்பது

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் புயல் காலம். இதைப் படித்துவிட்டு ஆறு மாதத்தையும் அடித்துவிடுபவர்கள் உண்டு. உண்மையான ஆபத்து ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவு வரை குவிந்திருக்கிறது. ஊர் இன்னும் பேசும் ஹியூகோ புயல் 1989 செப்டம்பர் 21 இரவில் வந்து, நள்ளிரவு தாண்டிக் கரையேறியது.

இன்னொரு பக்கம், "புயல் நம் மேல் நேராக வந்தால்தானே" என்ற நினைப்பு. 2017-ல் இர்மா கரையேறியது ஃபுளோரிடாவில். ஆனாலும் சார்ல்ஸ்டனில் கடல் கிட்டத்தட்ட 10 அடிக்கு ஏறி, பாட்டரி பகுதி முழுக்க வெள்ளம். 2018-ல் ஃபுளோரன்ஸ் வட கரோலினாவுக்குத்தான் போனது, ஆனால் அதற்கு முன்பே இங்கே கடற்கரை மக்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். அப்படி உத்தரவு வந்தால் ஐ-26 நெடுஞ்சாலையின் இரு பக்கமும் ஊரைவிட்டு வெளியேறும் திசைக்கே திருப்பப்படும், கடைகள் மூடிவிடும். புயல் வராமலே உங்கள் விடுமுறை முடிந்துவிடலாம்.

செப்டம்பரில் வாடகை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் சலுகையை எடுப்பதானால் ரத்து செய்யக்கூடிய அறை எடுங்கள். பயணக் காப்பீட்டை முன்பே வாங்கிவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் பாலிசி பொதுவாக அந்தப் புயலுக்குச் செல்லாது.

குளிர்காலத்தைத் தள்ளிவிடுவது

என் பார்வையில் இதுதான் பெரிய தவறு. ஜனவரியில் பகல் சராசரி 15 டிகிரி, இரவில் 4 அளவுக்கு இறங்கும். ஒரு ஜாக்கெட்டோடு நாள் முழுக்க நடக்கலாம். பாஸ்டனையோ சிகாகோவையோ மனதில் வைத்து "அமெரிக்கக் குளிர்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கெமிலியா பூக்கள் குளிர்காலத்தில்தான் பூக்கும், தோட்டம் வெறுமையாக இருக்காது. சிப்பி சாப்பிடுகிறவர்களுக்கும் இதுதான் காலம். வெட்டவெளியில் நெருப்பு மூட்டி, இரும்புத் தகட்டில் ஈரச் சாக்கைப் போர்த்திச் சுடுவார்கள், சுற்றி நின்று உடைத்துச் சாப்பிட வேண்டியதுதான். அந்தக் காலத்துப் பண்ணை முதலாளிகளுக்கும் நகரத்தின் உச்ச சீசன் பிப்ரவரிதான். குதிரைப் பந்தய வாரம் அப்போதுதான் நடந்தது, பந்தயத் திடல் இன்று ஹாம்ப்டன் பார்க்.

குறைகளும் உண்டு. டிசம்பரில் ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். சம்ட்டர் கோட்டைக்குப் படகுகள் குறையும். கடலில் குளிக்க முடியாது. மார்ச்சிலும் முடியாது, வசந்தம் என்று நீச்சலுடை எடுத்துப் போகும் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அபூர்வமாகப் பனியும் பெய்யும். 2018 ஜனவரி 3 அன்று ஐந்து அங்குலத்துக்கு மேல் கொட்டி, விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது. பனியை வழிக்கப் பழக்கமில்லாத ஊர். பிப்ரவரி நடுவில் ஒரு நீண்ட வாரயிறுதியில் பெரிய வனவிலங்குக் கண்காட்சி நடக்கும், அந்த மூன்று நாளை விட்டுவிட்டால் அறைகள் எளிதாகக் கிடைக்கும்.

பூச்சிகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கே சரியாகத் தெரியாத, சதுப்பு நிலத்துக் கடிபூச்சி ஒன்று உண்டு. "நோ-சீ-அம்" என்பார்கள். எல்லோரும் விரும்பும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் அதற்கும் கொண்டாட்டம். காற்றில்லாத விடியலிலும் அந்தியிலும் முழுக்கை சட்டை போடுங்கள்.

பூவுக்காகப் போகாமல், தெருவும் கட்டடமும் வரலாறும் பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு காலங்களைச் சொல்வேன். ஒன்று, ஜனவரி பின்பாதியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை. இன்னொன்று, நவம்பரின் முதல் மூன்று வாரம். புயல் பயம் பெரும்பாலும் அடங்கியிருக்கும், பகலில் இருபது டிகிரி அளவில் இருக்கும், ஓதத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நவம்பரின் நான்காவது வியாழனில் வரும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரத்துக்குள் இழுத்துவிடாதீர்கள். அந்த வியாழக்கிழமை கோட்டைக்குப் படகு ஓடாது.