வெள்ளிக் காசில் பால் புள்ளி: தேய்ப்பதற்கு முன்

வெள்ளிக் காசில் வெள்ளையாகப் புள்ளி (அதைத்தான் பால் புள்ளி என்பார்கள்) தெரிந்தால் முதலில் விபூதி டப்பாவை மூடி வையுங்கள். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெள்ளிக் கிண்ணம், கொலுசு எல்லாவற்றையும் விபூதி போட்டுத்தான் துலக்குவோம். கிண்ணத்துக்கு அது சரி. சேர்த்து வைக்கும் காசுக்கு ஆகவே ஆகாது. கீறல் விழும், புள்ளி அப்படியே இருக்கும்.

துபாயில் இருக்கும் என் அக்கா மகன் கனடா நாணயச் சாலையின் மேப்பிள் லீஃப் வெள்ளிக் காசுகள் கொண்டுவந்திருந்தான். "மாமா, உறையையே பிரிக்கல, எப்படிக் கறை பிடிச்சுது?" என்று கேட்டான். காசில் இருக்கும் ராணியின் கன்னத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்தது போல ஒரு திட்டு. அவன் மேல் தப்பே இல்லை. அச்சடிப்பதற்கு முன் வெள்ளி வில்லையைக் கழுவுகிறார்கள், சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். அலசாமல் விட்ட கழுவு மருந்து அந்தச் சூட்டில் வெள்ளியோடு ஒட்டிக்கொள்வதுதான் காரணம் என்பது பரவலான கருத்து. மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட வெளியே தெரியும்.

புள்ளி எது, அழுக்கு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஜன்னல் ஓரம் காசை விளிம்பில் பிடித்து, பத்து மடங்கு லென்ஸில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பால் புள்ளி மேடு இல்லாமல் மங்கலாகப் படிந்திருக்கும். விளிம்பிலிருந்து மஞ்சள், பழுப்பு என்று ஏறினால் அது கந்தகத்தால் வரும் கருப்பு. பச்சையாகப் பிசுபிசுத்தால் பிவிசி என்ற பிளாஸ்டிக் உறையின் வேலை.

சந்தேகம் இருந்தால் அசிட்டோன். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். சுத்தமான அசிட்டோனே வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில், அடுப்பும் விளக்கும் இல்லாத காற்றோட்டமான இடத்தில், சில நிமிடம் மூழ்க விடுங்கள். புது அசிட்டோனில் ஒரு முறை அலசி, துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் பிவிசிப் பிசினும் போய்விடும், வெள்ளிக்கு ஒன்றும் ஆகாது. அதற்கும் அசையாத வெள்ளைத் திட்டு என்றால் அது பால் புள்ளிதான். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலுமினியத் தாளும் சோடா உப்பும் கருப்புக்குத்தான் மருந்து, இதற்கு இல்லை. ரப்பரால் அழிப்பவர்களும் உண்டு. புள்ளி மங்கலாம், ஆனால் அந்த இடத்தின் மினுக்கம் செத்துவிடும். காசு தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே தெரியும்.

மேப்பிள் லீஃபை எடைக்காக வைத்திருந்தால் கவலையே வேண்டாம். 31.1 கிராம், 9999 சுத்தம், அதாவது 99.99 சதவீதம் வெள்ளி. புள்ளியால் வெள்ளி குறையாது. அழகுக்காக வாங்குகிறவர்கள் 2018 முதல் வந்ததைத் தேடுங்கள். அந்த வருடம்தான் கனடா நாணயச் சாலை பால் புள்ளியைக் குறைக்கும் மின்ட்ஷீல்டு என்ற பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது.

எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் எங்கள் ஊர் பீரோவுக்குள்ளும் ஈரம் ஏறும். அது பால் புள்ளியைக் கொண்டுவராது, ஆனால் கருப்பைக் கொண்டுவரும். டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுங்கள், ரப்பர் பேண்டைப் பக்கத்திலேயே விடாதீர்கள். காசை வைக்கும் பிளாஸ்டிக் கூடான கேப்சூல் வாங்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள்: மேப்பிள் லீஃபுக்கு 38 மி.மீ. பெரிதாக இருந்தால் காசு உள்ளே ஆடி உரசும்.