நெல்வயலுக்கு அடியில் கரியமில வாயு: கசிவைக் கண்காணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரிமணம், கமலாபுரம், குத்தாலம் என டெல்டாவில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் பஞ்சமில்லை. ஆலைப் புகையின் கரியமில வாயு காற்றில் கலக்காமல், எண்ணெய் எடுத்து ஓய்ந்த பாறையடுக்குகளில் இறக்கிச் சேமிக்கலாம் என்ற யோசனை உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. நாளை அது இங்கே வந்தால், கண்காணிப்பவர்கள் முதலில் சறுக்கப்போவது நெல்வயலில்தான்.

காற்றில் இந்த வாயு 0.04 சதவீதம். மண்ணுக்குள் வேரும் நுண்ணுயிரும் மூச்சுவிடுவதால் பல சதவீதம் வரை ஏறும். காய்ந்த வயலில் மழை விழுந்தால் சட்டென்று கூடும். தண்ணீர் கட்டினால் மீத்தேனும் சேரும். ஆகவே கோடைத் தரிசில் சில நாள் அளந்துவிட்டு அதையே அடிப்படை அளவாக வைத்துக்கொள்வது பெரிய தவறு. வாயுவை இறக்கும் முன்பே குறுவை, சம்பா, தாளடி, தரிசு என்று ஒரு முழுச் சுற்றாவது அளந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்கு எகிறும் அளவைப் பார்த்து ஊரே பதறும். அல்லது நிஜக் கசிவை ‘மழைதான்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். இது இன்னும் மோசம்.

கரியமில வாயுவை இறக்கிவந்த கனடாவின் வெய்பர்ன் எண்ணெய் வயலருகே ஒரு பண்ணையில் அது கசிவதாக 2011-ல் புகார் எழுந்தது. ஆக்சிஜன், நைட்ரஜன் அளவுகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வில், அது மண்ணிலேயே உண்டான வாயு என்று தெரிந்தது. நுண்ணுயிர் கரியமில வாயுவை உண்டாக்கும்போது ஆக்சிஜன் செலவாகும். கீழிருந்து ஏறும் வாயுவோ ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் ஒருசேர ஒதுக்கித்தள்ளும். தண்ணீர் நிற்கும் வயலில் மண்வாயு எடுக்க வழியில்லை. வரப்பு, திடல் போன்ற மேட்டில்தான் எடுக்கவேண்டும்.

வாயுவின் மூலத்தை அறிய, சற்றுக் கனமான கார்பன் அணுவான கார்பன்-13-ன் விகிதத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. இறக்கிய வாயு நிலக்கரிப் புகையிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். நிலக்கரியும் பழைய செடிகொடிதானே, நெல்லின் விகிதத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். காலப்போக்கில் சிதைந்து மறையும் கார்பன்-14 பார்த்தால் குட்டு உடையும்: நிலக்கரிப் புகையில் அது இருக்காது.

அப்புறம், வயல் முழுக்கக் கருவி பரப்பிவிட்டுப் பழைய கிணறுகளை மறந்துவிடுவது. தண்ணீரில் கரைந்த கரியமில வாயு அமிலமாகி இரும்புக் குழாயையும் சிமென்ட் அடைப்பையும் அரிக்கும். அமெரிக்காவின் டெகேட்டர் சேமிப்பிடத்தில் 2024-ல் தெரியவந்த கசிவு, கண்காணிப்புக்கென்றே தோண்டிய கிணற்றில்தான்.

அல்ஜீரியாவின் இன் சாலா பாலைவனத்தில் வாயுவை இறக்கியபோது, அழுத்தத்தால் ஏற்பட்ட சில மில்லிமீட்டர் நில உயர்வைக்கூடச் செயற்கைக்கோள் ரேடார் காட்டியது. பயிரும் நீரும் மாறிக்கொண்டே இருக்கும் டெல்டாவில் அந்தச் சமிக்ஞை குலைந்துபோகும். அசையாத பிரதிபலிப்பான்களை நட்டுவைத்தால்தான் அது இங்கே உதவும்.