வேற்றினக் குழந்தையை வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் குழந்தையை ஒரு வீட்டில் சேர்க்கும்போது, மத்திய அரசின் நிதி பெறும் அமைப்புகள் இனத்தைக் காரணம் காட்டித் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது. 1994-இல் வந்து 1996-இல் திருத்தப்பட்ட சட்டம் அது. வெள்ளையினக் குடும்பங்களில் கருப்பினக் குழந்தைகள் வளர்வதும் அங்கே உண்டு. சேர்ந்த பிறகு நடக்கும் தவறுகள்தான் குழந்தையை அந்நியமாக்குகின்றன.

பெரும்பாலும் தலைமுடியில்தான் தொடங்கும். வளர்ப்பவர்கள் தங்கள் பழக்கப்படி தினமும் ஷாம்பூ போட்டுவிடுவார்கள். இறுகச் சுருண்ட முடியில் தலையில் இயற்கையாகச் சுரக்கும் எண்ணெய் நுனிவரை இறங்காது. அடிக்கடி அலசினால் வறண்டு ஒடியும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலசினால் போதும். முடியை நான்கு பாகமாகப் பிரித்து, ஈரத்தோடு கண்டிஷனர் தடவி, அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மெல்ல மேலே போய்ச் சிக்கெடுங்கள். காய்ந்த முடியை வேரிலிருந்து இழுத்தால் அறுந்துவிடும், சீப்பைக் கண்டாலே குழந்தை அழும். பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரவில் சாட்டின் உறை போடுங்கள். பின்னலை இறுக்கினால் நெற்றியோரம் முடி கொட்டும். தற்காலிகப் பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் முடியைப் பெற்றவர்களைக் கேட்காமல் வெட்டவே வெட்டாதீர்கள். அந்தப் பின்னல் அம்மா போட்டுவிட்டதாக இருக்கலாம்.

"நாங்கள் நிறம் பார்ப்பதில்லை" என்பது அன்போடு சொல்லப்படும் தவறு. பள்ளியில் பார்க்கிறார்களே! யாரோ இழிவாகப் பேசியதாகக் குழந்தை வந்து சொன்னால், "அவன் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்" என்று மழுப்பாதீர்கள். முழுவதும் கேளுங்கள், நம்புங்கள், என்ன நடந்தது என்று எழுதிப் பள்ளியில் கொடுங்கள். ஆண்டுக்கொரு விழாவுக்கு அழைத்துப் போவதால் மட்டும் சொந்த இனத்தோடு உறவு வந்துவிடாது. மருத்துவர், முடிதிருத்துபவர், ஆசிரியர், பக்கத்து வீட்டார் என்று தன்னைப் போன்றவர்களைக் குழந்தை வாராவாரம் பார்க்க வேண்டும். அதற்காகப் பள்ளியையே மாற்ற நேர்ந்தாலும் தயங்காதீர்கள்.

அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தை என்றால் எந்தப் பழங்குடி என்று முதல் நாளே விசாரியுங்கள். இனம் பார்க்கக் கூடாது என்ற விதி இவர்களுக்குப் பொருந்தாது; பூர்வகுடிக் குழந்தைகளுக்கென்றே வந்த 1978 சட்டப்படி தத்தெடுப்பில் உறவினர், அதே பழங்குடியினர், பிற பூர்வகுடிக் குடும்பங்கள் என்ற வரிசையில்தான் முன்னுரிமை. உச்ச நீதிமன்றம் 2023-இல் இச்சட்டத்தை உறுதிசெய்தது.

வெளிநாட்டிலிருந்து தத்தெடுத்தவர்கள் காகிதங்களில் அலட்சியமாக இருக்கக் கூடாது. 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயது நிரம்பியிருந்தவர்களுக்கு, தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தானாகவே அமெரிக்கக் குடியுரிமை தரும் வகையில் அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தால் அது கிடைக்கவில்லை. கொரியாவில் பிறந்த சிலர் மொழியே தெரியாத அந்த நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். குடியுரிமைச் சான்றிதழ், பிறந்தபோது வைத்த பெயர், பழைய படங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.