சந்திர கிரகணத்தைப் படம் பிடிப்பது எப்படி: மொட்டை மாடிப் பாடம்

2025 செப்டம்பர் 7 ராத்திரி, தென்காசி மாவட்டம் புளியரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், முழு கிரகணம் நீடித்த 82 நிமிடத்தில் எடுத்ததெல்லாம் கிட்டத்தட்ட கறுப்பு. கேமராவில் கோளாறு இல்லை. வெளிச்ச அளவை ஏதோ கொஞ்சம் கூட்டினேனே தவிர, தேவைப்பட்ட அளவுக்குக் கூட்டவில்லை. இருட்டில் கேமராத் திரை பளிச்சென்று காட்டியதை நம்பிவிட்டேன். இந்த ஒரு தப்பைத் தவிர்த்தால் போதும், மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

முதலில் தேதி. நம் ஊரில் தெரியும் அடுத்த நல்ல முழு கிரகணம் 2028 டிசம்பர் 31 ராத்திரி. 8.37 மணி வாக்கில் நிழல் கடிக்க ஆரம்பிக்கும், 9.46 முதல் 10.58 வரை முழு கிரகணம். அதே வருஷம் ஜூலை 6 நள்ளிரவையொட்டிப் பகுதி கிரகணம் ஒன்று உண்டு, ஒத்திகைக்கு ஆகும். ஆனால் எங்கள் பக்கம் ஜூலை என்றால் சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் வந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு மேகம் மூடினால் மாடியில் காத்துக் கிடக்காதீர்கள். பைக்கை எடுத்துக் கிழக்கே சுரண்டைப் பக்கம் போய்விடுங்கள். மலையை விட்டு விலக விலக வானம் வெளுக்கும். டிசம்பரில் இந்தக் கணக்கு செல்லாது, அப்போது மழை கிழக்கிலிருந்து வரும்.

சரி, சாமான்கள். 200 அல்லது 250 மி.மீ. வரை போகும் சாதாரண ஜூம் லென்ஸ், ஆடாத ட்ரைபாட், முழுசாகச் சார்ஜ் ஏறிய இரண்டு பேட்டரி. ட்ரைபாட் லேசாக இருந்தால் நடுவில் ஒரு பை மணலைத் தொங்கவிடுங்கள். மார்கழிப் பனியில் லென்ஸ் வியர்த்துப் போகும், அதனால் உலர்ந்த பருத்தித் துணி ஒன்று அவசியம். கண்ணுக்கு எந்தக் கண்ணாடியும் வேண்டாம். சூரிய கிரகணம் போல இதில் ஆபத்தில்லை.

கிரகணம் பிடிக்கும் முன்பே ஃபோகஸை முடித்துவிடுங்கள். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், நிலாவைப் பெரிதாக்கி, அதன் விளிம்பு கத்தி போலத் தெரியும்வரை கையால் திருப்பி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் திணறும். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்து, இரண்டு நொடி டைமர் வையுங்கள். கோப்பு ரா (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும்) வகையில் இருக்கட்டும்.

இனி அளவுகள். முழு நிலவு வெயிலில் கிடக்கும் பாறை, அவ்வளவுதான். ஆகவே பகலில் எடுப்பது போலத்தான்: ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100, லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 நொடி. நிழல் பாதி கடித்த பிறகும் வெளிச்சப் பகுதிக்கு இதுவே போதும். கடைசியில் மெல்லிய கீற்று மட்டும் மிஞ்சும்போது 1/30, 1/15 என்று இறங்குங்கள். முழுசாக மூடியதும் தயங்காமல் ஒரே தாவல்: ஐஎஸ்ஓ 1600, எஃப்/5.6, 1 நொடி. நிலாவின் வெளிச்சம் அப்போது பல ஆயிரம் மடங்கு குறைந்திருக்கும். படம் இன்னும் மங்கலாக இருந்தால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள், நேரத்தை நீட்டாதீர்கள். நிலா நகர்ந்துகொண்டே இருப்பதால் 200 மி.மீ. லென்ஸில் 1 நொடி தாண்டினாலே விளிம்பு கலங்கும். திரையை நம்பாமல் ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம் பாருங்கள்.

ஒவ்வொரு கிரகணமும் ஒரே சிவப்பு இல்லை. பூமியின் காற்று மண்டலம் வளைத்து அனுப்பும் சூரிய ஒளிதான் அந்த நிறம்; காற்றில் தூசி கூடினால் நிலா கறுக்கும். 1991இல் பினாட்டுபோ எரிமலை வெடித்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் கிரகணத்தில் நிலா மிகவும் இருண்டுபோனது. இந்த இருட்டை அளக்கத்தான் டான்ஜோன் அளவுகோல்: 0 என்றால் கண்டுபிடிக்கவே கஷ்டம், 4 என்றால் பளிச்சென்ற செம்பு. கேமராவை விட்டுக் கண்ணால் பார்த்து ஒரு எண் குறித்து வையுங்கள். எனக்கு என் படங்களைவிட அந்த எண்கள்தான் பிடித்திருக்கின்றன.

கேமரா இல்லையா? பைனாகுலரைச் சுவர் மேல் ஒரு தலையணையில் கிடத்தி, நாம் கண் வைக்கும் பக்கத்துக் கண்ணாடியில் செல்போன் கேமராவை ஒட்டிப் பிடியுங்கள். திரையில் நிலாவைத் தொட்டு அழுத்தி, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் வெள்ளை உருண்டை நிலாவாக மாறும். முழு கிரகணத்துக்கு மட்டும் இது சரிவராது.

கீழே ஆச்சி தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திக்கொண்டிருப்பாள். அடி சமமாக இருந்தால் உலக்கை எந்த நாளிலும் நிற்கும். அதை அவளிடம் சொல்லிப் பயனில்லை. அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கிரகணம் முழுசாக விட்ட பிறகு முதல் படத்தின் அதே அளவுகளில் இன்னொன்று எடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட உதவும். 2028இல் அந்த வேளை 12.06 மணி வாக்கில் வரும். ஊரே பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும், புகை லென்ஸ் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.