இலையுதிர் புதரா? கத்தரிக்கோலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

பறவையும் பட்டாம்பூச்சியும் வரவேண்டும் என்று தோட்டம் போடுகிறவர்கள், தங்கள் பகுதியில் இயல்பாக வளரும் இலையுதிர் புதர் ஒன்றையாவது வைக்கலாம். அடுக்குப்பூ ரகம் மட்டும் வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் பலவற்றில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருக்கும். தேனீக்கு ஒன்றும் மிஞ்சாது.

செடி இலையில்லாமல் உறங்கும் காலத்தின் கடைசியில், மண் ஈரமாக இருக்கும்போது நடுங்கள். குழியின் அகலம் வேர்க்கட்டியைப் (வேரும் மண்ணும் சேர்ந்த கட்டி) போல இரண்டு மடங்கு, ஆழம் வேர்க்கட்டியின் உயரம் அளவே. மண்ணின் மேல் 5 முதல் 8 செ.மீ. வரை சருகு, வைக்கோல் மாதிரி மூடாக்கு போடலாம், தண்டை ஒட்டாமல்.

அப்புறம் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. இங்கேதான் பலரும் சறுக்குகிறோம். எல்லாப் பக்கமும் சமமாக, பந்து மாதிரி வெட்டினால் பூவும் போச்சு, காயும் போச்சு. பல புதர்கள் முந்தைய ஆண்டுக் கிளையில்தான் மொட்டு வைக்கும். அதனால் செடி நன்றாக வேரூன்றிய பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை மிகப் பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அடியோடு எடுங்கள். பூக்கள் உதிர்ந்தபின் வெட்டலாம். ஆனால் பழம் பறவைகளுக்கு என்றால், அது தீரும்வரை பொறுங்கள். வெட்டும்முன் உள்ளே கூடு இருக்கிறதா என்று ஒரு பார்வை.

உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காதீர்கள். புதருக்கடியிலேயே கிடக்கட்டும், அதற்குள் கூட்டுப்புழுக்கள் இருக்கலாம். பார்க்கக் குப்பையாகத்தான் தெரியும், சரி, பழகிவிடும்.